கடலைப் பார்த்த கொமட்

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, நெய்ச்சோறு தின்று, வெற்றிலையை மடித்து வாயில் வைத்த கையோடு அத்தாஉல்லா முதலாளி சபதம் எடுத்தார். எட்டு நாளில் வீட்டு பாத்ரூமைப் புதுசாக்கிக் காட்டுவது. ஆலங்குடா ஊர் முழுக்க வந்து பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அதுவும் பாதி விலையில்.

பாதி விலை என்பது அவருக்கு மூச்சு மாதிரி. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து உடுத்த சாரத்தோடு வந்து இறங்கியவர். அகதி முகாமில் சைக்கிளுக்குப் பின்னால் பெட்டி கட்டிக் கருவாடு விற்றவர். பள்ளிக்கூடத்தில் படித்தது நாலாம் வகுப்பு. சந்தையில் படித்தது மிச்சம் எல்லாம். இன்றைக்கு மூன்று கருவாட்டு வாடி, ஒரு லொறி. ஆனால் நாக்கு இன்னும் அந்தச் சைக்கிளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. புத்தளத்து டொக்டர் இரண்டு ஊசி போட வேண்டும் என்றால், "ஒண்டோட முடிச்சுத் தாங்க டொக்டர், நாங்க பழைய ஆக்கள்" என்பார். பஸ்ஸில் மிச்சக் காசு வாங்கும்போது கூட அவருக்கு ஒரு சந்தேகம், இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமோ என்று.

சபதத்தை அவர் பெண்சாதி பளீலாவிடம் அறிவித்தார். பளீலா மீன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாத்ரூம் செய்யப் போறீங்களா? நல்லம். அப்ப கதவ உள்ளுக்கால வையுங்க."

"எந்தக் கதவ?"

"பாத்ரூம் கதவத்தான். குசினிச் சுவர உடைச்சு வழி விட்டா, நான் வீட்டுக்குள்ளால போயிட்டு வருவன். மழையிலயும் காத்துலயும் கிணத்தடியச் சுத்திப் போய் வந்து என்ட முழங்கால் ரெண்டும் முடிஞ்சுது."

சங்கதி இதுதான். அந்த பாத்ரூம் வீட்டோடு ஒட்டித்தான் இருந்தது. ஆனால் கதவு மட்டும் வெளியே, கடல் பக்கம். அவள் சமைக்கும் குசினிக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்த ஒரு சுவருக்காகப் பளீலா பதினெட்டு வருசமாகத் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு பின்வளவைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"சுவர உடைக்கிறதா? வீடு சரிஞ்சு தலையில விழுந்தா?"

"ஒரு ஓட்டைக்கு வீடு விழாது."

"விழாட்டியும், நிலை வேணும், கதவு வேணும், பிணைச்சல் வேணும், கொண்டி வேணும். கொண்டி போட்டா பூட்டு கேப்ப. பூட்டு வாங்கினா துறப்புத் தொலைப்ப. இஞ்ச பார் பளீலா, உள்ளுக்கு என்ன கேட்டாலும் தாறன். டைல் கேள், கண்ணாடி கேள். கதவு அங்கதான் இருக்கும்."

"கொமட்?"

"கொமட்டும் வைப்பன்."

"இருக்கிற கொமட்டா, குந்துறதா?"

"இருக்கிறதுதான். ராசாத்தி மாதிரி இரு."

"சரி," என்றாள் பளீலா. சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

அத்தாஉல்லாவுக்கு அந்தச் 'சரி' பிடிக்கவில்லை. இருபத்தைந்து வருச வியாபாரத்தில் முதல் விலைக்கே சரி சொன்னவனை அவர் நம்பியதே இல்லை. அன்று முழுக்க முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். என்னத்தையோ விட்டுவிட்டோம் என்று மனசு அரித்தது. என்னத்தை என்றுதான் தெரியவில்லை.

அல்லாஹ் கருணையாளன். அந்தக் கிழமையே கடற்கரையில் ஒரு ஹோட்டல்காரர் பழைய அறைகளை உடைத்துப் புதுசாகக் கட்டத் தொடங்கினார். சண்டை முடிந்து ஆறு வருசம். காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் பறக்க வந்த வெள்ளைக்காரர்கள், பழைய பாத்ரூம்களைப் பார்த்து முகம் சுழித்தார்களாம். அத்தாஉல்லா போனார். வளவில் ஒரு கொமட் கிடந்தது. வெள்ளை வெளேர் என்று, வாத்து மாதிரி.

"இது வெடிச்சது," என்றார் அத்தாஉல்லா.

"எங்க வெடிச்சிருக்கு?" என்றார் மனேஜர்.

"இன்னும் வெடிக்கல்ல. வெடிக்கப் போகுது. நான் பாத்தா தெரியும்."

"இது இன்னும் அறுபது வருசம் இருக்கும் முதலாளி. கடலப் பாத்தபடி வச்சிருந்த அறை. வெள்ளைக்காரன் இதுல இருந்துகிட்டே சூரியன் இறங்குறதப் பாப்பான்."

அந்த வசனம் அத்தாஉல்லாவின் மண்டைக்குள் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. கடலைப் பார்த்தபடி. சூரியன் இறங்க இறங்க. அவர் வெளியில் காட்டவில்லை. மூன்று தரம் போனார், மூன்று தரம் திரும்பி வந்தார். கடைசியில் கொமட், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, இரண்டு சாக்கு டைல் எல்லாம் லேண்ட் மாஸ்டர் டிராக்டரில் ஏறின. மனேஜர் கும்பிடு போட்டு அனுப்பினார். போனால் போதும் என்ற கும்பிடு.

சாக்கை அவிழ்த்தபோது டைல் ஐந்து நிறத்தில் இருந்தது. பச்சை பதினாறு, ரோஸ் இருபது, மீன் செதில் போட்டது கொஞ்சம். ஒன்றில் மட்டும் இங்கிலீசில், ஆழம் ஐந்தடி என்று எழுதியிருந்தது. நீச்சல் குளத்து டைல்.

"இத எங்க ஒட்டுற?" என்று கேட்டாள் பளீலா.

"கண்ணுக்கு நேர. படிச்ச வீடு எண்டு தெரியட்டும்."

மேசன் வேலைக்குக் குலசேகரம் வந்தான். வன்னியிலிருந்து சண்டைக் காலத்தில் வந்து இங்கேயே குடியிருந்துவிட்டவன். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். ஊரில் மற்ற மேசன்மார் அத்தாஉல்லாவின் பெயரைக் கேட்டதும் இடுப்புப் பிடிப்பு என்றார்கள். குலசேகரத்துக்கு மட்டும் இடுப்பு நன்றாக இருந்தது. கூலியில் கால்வாசியை விட்டுக்கொடுத்து வேலையைத் தொடங்கினான்.

"முதலாளி, முந்திக் குந்துற பேசின் வடக்கப் பாத்து இருந்தது. இதையும் அப்பிடியே வைப்பமோ?"

"வடக்க என்ன இருக்கு? மலக்குழி. குழியப் பாத்துக்கிட்டு இருக்க நான் என்ன காகமா? கடலப் பாத்து வை. முதுகு அந்தப் பக்கம், முகம் கதவுப் பக்கம். ஹோட்டல்ல அப்பிடித்தான் இருந்தது."

"எனக்கென்ன முதலாளி. கடலப் பாத்தா கடலப் பாத்து."

அந்த நேரம் பளீலா மேசனுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கொமட்டைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே கடலைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள்.

"இதுதான் வைக்கிற இடமா? முடிவா?"

"முடிவு. என்ட சொல்லுக்கு மறு சொல் இல்ல."

"சரி. தம்பி, இன்னும் ரெண்டு கரண்டி சீமெந்து கூடப் போடுங்க. ஆடக் கூடாது. நல்லா இறுகட்டும்."

மறுபடியும் சரி. அத்தாஉல்லாவுக்கு முதுகில் எறும்பு ஊர்ந்தது.

மூன்று நாள் சீமெந்து இறுகியது. ஆறாம் நாள் டைல் முடிந்தது. சபதத்துக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம். அத்தாஉல்லா பக்கத்து வீட்டு உசனாரைக் கூட்டி வந்தார். உசனார் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். எதையும் அவசரப்பட்டுச் சொல்லாத மனுசன். உள்ளே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆழம் ஐந்தடியை வாசித்தார். கண்ணாடியில் தாடியைச் சரிசெய்தார்.

"எல்லாம் வடிவுதான் மச்சான். ஒண்டு கேக்கட்டா?"

"நூறு கேள்."

"இதுல இருக்கிற ஆள் எந்தப் பக்கம் பாத்து இருப்பார்?"

"கடலப் பாத்து."

"கடல் எந்தப் பக்கம்?"

"இது என்ன கேள்வி? மேற்க."

"நம்மட பள்ளிவாசல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

அத்தாஉல்லா கதவுக்கு வெளியே கடலைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தைந்து வருசமாக ஐந்து வேளையும் அந்தக் கடல் பக்கம் முகத்தை வைத்துத்தான் தக்பீர் கட்டுகிறார். கிப்லா. தொழுகைக்குத் திரும்புகிற திசைக்கே முகம் காட்டி, சீமெந்து போட்டு, ஆடாமல், இறுக்கி.

உசனார் மெதுவாகச் செருப்பை மாட்டினார். "கண்ணாடி நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தாஉல்லா குசினிக்குப் பாய்ந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"கிப்லா."

"தெரியாத முஸ்லிம் இருக்கா?"

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"முடிவா எண்டு கேட்டனே. மறு சொல் இல்ல எண்டீங்க. புருசன்ட சொல்லுக்கு மேல நான் என்னத்தச் சொல்ற?"

அன்று பின்னேரம் பளீலா ஒரு வாளியும் துவாயும் எடுத்துக்கொண்டு உசனார் வீட்டுக்கு நடந்தாள். ஒளித்துப் போகவில்லை. ரோட்டால் போனாள். எதிரில் வந்த எல்லோரிடமும் நின்று கதைத்தாள்.

"எங்க ராத்தா வாளியோட?"

"எங்கட ஹோட்டல் பாத்ரூம் வெள்ளைக்காரருக்குத்தான் சரி. நான் உசனார் நானாட வீட்டுக்குப் போறன்."

மஃரிப் தொழுகைக்கு முன்னமே செய்தி ஆலங்குடாவைத் தாண்டிவிட்டது. வாடியில் கருவாடு கட்டுகிறவர்கள் அத்தாஉல்லாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் திரும்பியதும் தொடங்கினார்கள். விலை பேசுகிற இடத்தில் ஒருவன், "முதலாளி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க," என்றான். அவனுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட வைத்துத்தான் அவருக்குக் கோபம் ஆறியது. முழுக்க ஆறவும் இல்லை.

அவர் பள்ளிவாசலுக்குப் போய், தொழ வைக்கிற ஹஸ்ரத்தைப் பிடித்தார்.

"ஹஸ்ரத், சும்மா ஒரு விளக்கம். தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர்ட வீட்டுல இப்பிடி."

ஹஸ்ரத் சிரிப்பைத் தாடிக்குள் வைத்துக்கொண்டார். "வெட்டவெளியில எண்டாத்தான் கூடாது. அதுக்கெண்டே கட்டின மறைவான அறைக்குள்ள எண்டா குற்றமில்ல எண்டு மார்க்கக் கிதாபுல இருக்கு. ஆனாலும் திருப்பி வைக்கிறதுதான் பேணுதல்."

"எவ்வளவு திருப்பணும்?"

"எவ்வளவு எண்டா?"

"ஒரு நாலு விரக்கடை திருப்பினா போதாதா? சரி, ஒரு சாண். அதுக்கு மேல சீமெந்து விடாது ஹஸ்ரத்."

"முதலாளி, இது கருவாடு இல்ல."

பாதி வெற்றியோடு வீட்டுக்கு வந்தார். குற்றமில்லை என்ற பாதியை மட்டும் பளீலாவிடம் சொன்னார்.

"குற்றமில்லாட்டி நல்லம். நீங்க போங்க," என்றாள் அவள். "எனக்குப் பேணுதல்தான் வேணும். நான் வாளியோட போறன்."

ஹஸ்ரத்திடம் ஒரு சொல் பேசாமலே இவளுக்கு எப்படி மிச்சப் பாதி தெரிந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. சரி, தானாவது இருப்போம் என்று போனார். இருந்தார். கண்ணுக்கு நேரே கதவு. கதவுக்கு அப்பால் கடல். கடலுக்கு அப்பால் நினைக்கவே முடியவில்லை. உடம்பை ஒரு பக்கமாகச் சரித்தார். ஒரு காலை மடக்கினார். வடக்கே முகம் வருகிற வரைக்கும் திருகினார். அதற்கு மேல் திருகியபோது கொமட் அவரை விட்டுவிட்டது. பச்சை டைலில் போய் விழுந்தார். ஆழம் ஐந்தடி என்றது டைல்.

மறுநாள் காலை குலசேகரம் உளியோடு வந்தான்.

"இரும்பாட்டம் இறுகிக் கிடக்கு முதலாளி. அக்கா சொன்ன ரெண்டு கரண்டிதான் விடுகுதில்ல."

மதியத்துக்குள் உடைத்து, தெற்கே முகம் பார்க்கத் திருப்பினான். குழி வடக்கே இருந்ததால் குழாயும் நேராகப் போனது. அத்தாஉல்லாவுக்கு மூச்சு வந்தது. சபதத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. கதவைத் தள்ளினார். கதவு பாதியில் கொமட்டில் இடித்து நின்றது.

அறை நாலடிக்கு ஐந்தடி. கதவு மேற்குச் சுவரின் நடுவில். கடலைப் பார்க்காமல் கொமட்டை எந்த மூலையில் வைத்து எப்படித் திருப்பினாலும் கதவு அதைப் போய் முட்டும். பழைய பேசின் தரையோடு கிடந்தது. இது முழங்காலுக்கு நின்றது.

"வயித்த உள்ளுக்கு எடுத்தா போகலாம்," என்றார் அத்தாஉல்லா. எடுத்தார். போனார். திரும்பி வர அரைமணி நேரம் பிடித்தது. சாரம் வரவில்லை.

"கதவ வெளியால துறக்கிற மாதிரி மாத்து."

"இது சோழகக் காத்தடிக்கிற காலம் முதலாளி. காத்து..."

"நான் காத்தோட எல்லாம் கதைக்கிறதில்ல. மாத்து."

மாற்றினான். அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன் அத்தாஉல்லா தாமே உள்ளே போய், கொண்டியைப் போட்டு, முதன்முறையாக நிம்மதியாக இருந்தார். முகம் தெற்கே. மனசும் ஒரு திசையில். அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து ஒரு காற்று வந்தது. வெள்ளைக்காரனைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று. கொண்டி கழன்றது. பிணைச்சல் கழன்றது. கதவு எழுந்து கிணற்றடி வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது.

கிணற்றுக்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் உசனார், உசனாரிடம் ஓத வந்த பதினொரு பிள்ளைகள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. உசனார் பிள்ளைகளை மறுபக்கம் திருப்பி உட்கார வைத்தார். அந்த மரியாதைதான் அத்தாஉல்லாவை முறித்துப் போட்டது.

பளீலா உசனார் வீட்டிலிருந்து வாளியோடு திரும்பி வந்தாள். கிணற்றடியில் கிடந்த கதவைத் தாண்டிக் காலை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அத்தாஉல்லா பொறுத்துப் பார்த்தார். வியாபாரத்தில் முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றவன். அது அவர் ஊருக்கே சொல்லிக் கொடுத்த பாடம். பளீலா வெங்காயம் உரித்தாள். ஒரு வெங்காயம். இரண்டாவது. மூன்றாவதை எடுத்தாள்.

"கிழக்குச் சுவர்ல கதவு வைக்கலாம்," என்றார் அத்தாஉல்லா.

"அது மற்ற வளவுக்காரர்ட எல்லை."

"வடக்க."

"குழி."

"அப்ப..."

அவள் நாலாவது வெங்காயத்தை எடுத்தாள்.

"குசினிப் பக்கம் வைப்பமா?" என்றார் அவர், தொண்டையை மூன்று தரம் கனைத்துவிட்டு.

"வீடு சரிஞ்சு விழுந்தா?"

"ஒரு ஓட்டைக்கு வீடு விழாது."

"நிலை, கதவு, பிணைச்சல் எல்லாம் வேணுமே."

"வாங்குவம்."

"முழு விலைக்கா?"

அத்தாஉல்லா கண்ணை மூடிக்கொண்டார். "வாங்குவம் எண்டனே."

"சரி," என்றாள் பளீலா.

எட்டாம் நாள். குலசேகரம் குசினிச் சுவரைத் தட்டிப் பார்த்தான். இரண்டு நாள் வேலை என்றான். கல்லைக் கவனமாக எடுக்க வேண்டும், மேலே முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சுவர் வெடிக்கும் என்றான். அத்தாஉல்லாவின் நாக்கு தன்பாட்டில் எழுந்து, இரண்டு நாள் கூலியை ஒன்றரை நாளுக்கு இறக்கியது. மனசுக்குச் சின்ன ஆறுதல். வாழ்க்கையில் எல்லாமும் தோற்கவில்லை.

அவர் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டார். உட்காரவில்லை. சுற்றி நடந்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் குலசேகரம் கூப்பிட்டான்.

"முதலாளி, ஒருக்கா வாங்கோ. பூச்ச உரிச்சனான். இஞ்ச மேல லிண்டல் ஒண்டு கிடக்கு."

"என்ன லிண்டல்?"

"கதவுக்கு மேல போடுற லிண்டல்தான். மூண்டரை அடி. கம்பி வச்சு, ஒழுங்கா வார்த்துக் கிடக்கு. கீழ அடைச்ச கல்லுக்குச் சீமெந்தே இல்ல. வெறும் களிமண். பாருங்கோ."

அவன் உளியைக் கீழே வைத்தான். வெறுங்கையால் ஒரு கல்லைப் பிடித்து இழுத்தான். அலுமாரியிலிருந்து உடுப்பு எடுக்கிற மாதிரி கல் வந்தது. அடுத்தது வந்தது. கால்மணி நேரத்தில் சுவருக்குள் ஒரு கதவு வழி நின்றது. ஓரமெல்லாம் பூசி, நேராக, நிலை வைக்க இரண்டு பக்கமும் இடம் விட்டு. வழிக்கு அந்தப் பக்கம் பளீலா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள்.

"இது எப்ப போட்டது?" என்றார் அத்தாஉல்லா.

"வீடு கட்டக்குள்ள. நீங்க கதவ வேணாம் எண்டு சொல்லிட்டு, கருவாடு ஏத்திக்கிட்டுத் தம்புள்ளைக்குப் போனீங்க. நாலு நாள்."

"யார்ட காசு?"

"நீங்க அந்த மேசன்ட கூலியில குறைச்ச காச, முட்ட வித்த காசில நான் குடுத்தன். பாவம், அவர் மனம் குளிர்ந்து போட்டுத் தந்தார்."

"பதினெட்டு வருசம் இது இதுக்குள்ள கிடந்ததா? ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"சுவர் என்ன, சோறா கேட்டது?"

அவள் கோப்பையைக் குலசேகரத்திடம் கொடுத்தாள். செருப்பு இல்லாமல், துவாய் இல்லாமல், குசினியிலிருந்து இரண்டே எட்டில் பாத்ரூமுக்குள் வந்தாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். இரண்டே எட்டில் திரும்பிப் போனாள். முழங்கால் ஒரு சத்தமும் போடவில்லை.

ஒன்றரை நாள் கூலியை வாங்கிக்கொண்டு, கால்மணி நேர வேலையை முடித்த குலசேகரம் சிரிக்காமல் போனான். சந்திக்குப் போய்ச் சிரித்திருப்பான்.

அத்தாஉல்லா அஸர் தொழுதார். தொழுகையில் மனசு நிற்கவில்லை. ஸலாம் கொடுத்ததும் எழுந்தார். வீட்டுக்குள் மெதுவாக நடந்தார். ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, முன் கூடத்துச் சுவரில் காதை வைத்து விரலால் தட்டினார். கெட்டிச் சத்தம். படுக்கிற அறைச் சுவரில் தட்டினார். கெட்டிச் சத்தம். சாமான் அறைக்குப் போய், அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு, குனிந்து அங்கேயும் தட்டினார்.

குசினியிலிருந்து பளீலாவின் குரல் வந்தது.

"அதில்ல. அடுத்த சுவர்."